மார்கழிக்கு ஒரு வெள்ளை விளக்கு

2 டிசம்பர் 1998, புதன்

காலையில் கண் டாக்டர். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இருட்டில் பார்வை இன்னும் குறைந்திருக்கிறது. பக்கவாட்டிலும் சுருங்கிக்கொண்டு வருகிறது. மருந்து கிடையாது.

ஆட்டோவிலேயே இவர் தீர்ப்பு எழுதிவிட்டார். "இந்த மார்கழிக்கு விடியக்காலம் கோவில் வேண்டாம். ஏழு மணிக்கு மேல போலாம்."

ஏழு மணிக்கு மேல் போனால் அது மார்கழியா? போன வருஷம் டெலிபோன்காரன் தோண்டிய பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன், வாஸ்தவம். அதற்காக? முடியாது என்றேன்.

"அப்படின்னா நானும் வரேன். கையைப் பிடிச்சுக்கோ."

கல்யாணமாகி மயிலாப்பூர் வந்ததிலிருந்து இந்த ஒரு மாதம் கேசவப் பெருமாளைத் தனியாகப் போய்ச் சேவிக்கிறேன். இருட்டில் வேறு எங்கேயும் நான் தனியாகப் போவதில்லை. யார் கையையும் பிடித்துக்கொள்ள மாட்டேன்.

5 டிசம்பர், சனி

வீட்டு டார்ச் உதவாது. அழுக்கு மஞ்சள், நடுவில் கறுப்பு ஓட்டை. வெள்ளை எல்.இ.டி. வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்திருந்தேன். புத்தகம் பார்த்தே ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டவளுக்கு ஒரு டார்ச் செய்ய வராதா?

ரிச்சி தெருவில் அப்துல் வஹீத்தின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்தது, சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து.

"டார்ச்சுக்கு ஆவாது மாமி. இது அழகுக்குப் போடுறது."

"ஆகுமா ஆகாதான்னு நான் பார்த்துக்கறேன். நாலு குடுங்கோ."

"மொதல்ல வெலயக் கேளுங்க."

கேட்டேன். தலை சுற்றியது. வாங்கினேன். வீட்டுக் கணக்கில் 'இதர செலவு' என்று எழுதவில்லை. 'கோவில்' என்று எழுதினேன்.

7 டிசம்பர், திங்கள்

இரண்டு செல்லில் எரியவே இல்லை. வஹீத் ஏமாற்றிவிட்டார் என்று மனதுக்குள் திட்டினேன். மூன்று செல் வைத்தேன், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைப் போடாமல். அவசரம், வேறென்ன. ஒரு கணம் நீலமாகப் பளிச்சிட்டது, செத்தது.

இவர் பேப்பரை இறக்காமலே, "என்ன, போயிடுத்தா?" என்றார்.

10 டிசம்பர், வியாழன்

ரெசிஸ்டர் போட்டதும் மற்ற மூன்றும் எரிந்தன. எல்லாம் வெள்ளை என்றுதான் பெயர். ஒன்று நீலம், ஒன்று ஊதா, ஒன்றுதான் வெள்ளை. பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டில் குங்குமத்தை வைத்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். ஊதாவில் குங்குமம் கறுத்துப்போகிறது. குங்குமத்தையே சிவப்பாகக் காட்டாத வெளிச்சம் சேற்றையும் நிழலையும் எங்கே பிரித்துக் காட்டப்போகிறது?

குங்குமச் சிமிழோடு மறுபடி ரிச்சி தெரு.

"இன்னா மாமி, கடைக்குப் பூஜை போடப் போறீங்களா?"

ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி, டப்பாவில் இருந்த அத்தனையையும் எரித்துப் பார்த்தேன். பிரகாசமானதில் வெள்ளையாக இரண்டு தேறின.

"உங்கள மாதிரி நாலு பேர் வந்தா நான் கடைய சாத்திக்கினு போய்டணும்" என்றார். ஆனால் ஊதாவையும் நீலத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டார்.

மூன்றையும் பழைய பல்பொடி டப்பாவில் பொருத்தினேன். சுவரில் அடித்தால் நிலா.

16 டிசம்பர், புதன்

மார்கழி பிறந்தது. இவர் எழுந்திருப்பதற்குள் கிளம்பினேன்.

சுவரில் அத்தனை அழகாக இருந்தது, தெருவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம். உள்ளே எறும்பு ஊர்வது தெரிகிறது. வெளியே ஒன்றுமே இல்லை. எனக்குப் பக்கவாட்டில் ஏற்கெனவே ஒன்றுமில்லை. நின்று பார்த்தால், எதிர்வீட்டு ஹம்சினி போட்டு முடித்த கோலத்தின் நடுவில் இருக்கிறேன், பூசணிப்பூவை மிதித்துக்கொண்டு.

"ஏன் மாமி, உங்காத்து வாசல்ல எடமில்லையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். திரும்பி வீட்டுக்கே வந்துவிட்டேன்.

17 டிசம்பர், வியாழன்

போகவில்லை. இவர் ஏன் என்று கேட்கவில்லை. ஹம்சினி சொல்லியிருப்பாள்.

18 டிசம்பர், வெள்ளி

பிரகாசமானதாகப் பார்த்துப் பொறுக்கியதுதான் தப்பு. எல்.இ.டி.யின் முன்னால் இருக்கும் உருண்டை மூக்கு, வெளிச்சத்தையெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் குத்துகிறது. மூக்கைத் தேய்த்துவிட்டால் பரவும்.

உப்புத்தாள் கோடு கோடாகக் கீறியது. சந்தனக் கல்லை எடுத்தேன். கை தயங்கியது — பெருமாளுக்கு அரைக்கிற கல். சரி, இது மட்டும் யாரைப் பார்க்கவாம்? நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, சந்தனம் இழைக்கிற மாதிரியே வட்டமாக இழைத்தேன். மூன்றும் பால் படர்ந்தது போல மங்கின. கல்லை நன்றாக அலம்பி வைத்தேன்.

வாசலில் அடித்தேன். வெளிச்சம் குறைவு, ஆனால் வாசல் முழுக்க. எறும்பு தெரியவில்லை. எறும்பு எனக்கு எதற்கு?

20 டிசம்பர், ஞாயிறு

போய் வந்தேன். பள்ளம், படுத்திருந்த மாடு, சாய்ந்து கிடந்த சைக்கிள், ஹம்சினியின் கோலம், எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு. கண் நிறையச் சேவித்தேன்.

இவர் போர்வைக்குள் இருந்தார். "போயிட்டு வந்துட்டேன்" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதானா? இருக்கட்டும்.

27 டிசம்பர், ஞாயிறு

சித்திரக்குளம் முனையில், பின்னால் ஒரு இருமல். எனக்குத் தெரிந்த இருமல். டார்ச்சைத் திருப்பினேன். தெரு அகலத்துக்கும் வெளிச்சம் விழுந்தது. நிறுத்தியிருந்த காருக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார், மஃப்ளரும் வேட்டியுமாக.

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேருந்து."

"கோலத்தை மிதிச்சப்பவும்?"

"பார்த்துண்டுதான் இருந்தேன். கூப்பிட்டா கோச்சுப்பே. உனக்கு முன்னாடி ஓடிவந்து படுத்துக்கறது இந்த வயசுல லேசா?"

சிரிப்பு வரவில்லை. அப்போ நான் ஒரு நாள்கூடத் தனியா போகலையா?

"நீ விழுந்தா?"

"விழுந்தா எழுந்துப்பேன். முடியலேன்னா கத்தறேன். நாளைக்கு வரப்படாது."

கோவில் வரை சேர்ந்துதான் நடந்தோம். படி ஏறும்போது கையை நீட்டினார். பிடித்துக்கொள்ளவில்லை.

28 டிசம்பர், திங்கள்

குளத்து முனையில் டார்ச்சைப் பின்னால் திருப்பினேன். தெரு முழுக்கத் தெரிந்தது. காருக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். ஒரு நாய் மட்டும். வரப்படாது என்று சொன்னவள் நான்தானே. நடந்தேன்.

திரும்பி வந்தபோது இவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் கிளம்பினதிலிருந்து அங்கேயேதான் நின்றிருக்க வேண்டும். கோவிலில் கூட்டமா என்றுகூடக் கேட்கவில்லை. நான் உள்ளே வந்ததும் போய்ப் படுத்தார். எட்டு மணி வரைக்கும் எழுப்ப முடியவில்லை.