மிளகாய்த் தூசி மேல் போட்ட பழி

குல்சார்,

கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனதற்கு உன் மிளகாய்த் தூசி காரணமில்லை. உன் தம்பி ஃபரீத் பழைய டிஸ்க்கை மாட்டிப் பார்த்தான். ஒரு தடவைகூட நிற்கவில்லை. கெட்டது, நான் பேரம் பேசி வாங்கிய புது எஸ்எஸ்டி டிஸ்க்தான். “தூசின்னா எனக்குல்ல முதல்ல மூச்சு நிக்கணும்?” என்று நீ கேட்டபோதே வாயை மூடியிருக்கணும். வீம்பில், நீ வரைந்த மசாலா லேபிளைக் காப்பி எடுக்கவும் விடவில்லை. அதுவும் டிஸ்க்கோடு போயிற்று. நீ முன்பு அனுப்பிய மாதிரிப் படம் ஏதாவது கிடக்குமா என்று சிவகாசி அச்சகத்தில் கேட்கப் போகிறேன்.

மீன் ஆணம் அடுப்பில் இருக்கு, சூடு பண்ணிக்கோ. மிளகாய்க் காம்பு கிள்ள மாடத்தி திரும்ப வருவாள். நான் அவளை வேலைக்கு வராமல் நிறுத்தியதை மனசில் வைக்க வேண்டாமென்று சொல்.

வெளியே தள்ளிய மிளகாய் மூட்டையை நானே உள்ளே தூக்கி வைத்துவிட்டேன்.

நூகு

பி.கு.: சீட்டு நனைந்திருப்பது மிளகாய் நெடியால். இதையும் நம்பாதே.