திரும்பி வரும் வண்டி

என் பிரியமான அப்பா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஜெனி இரவில் அனுப்பியிருந்த குரல் பதிவை மறுபடியும் கேட்டேன். உங்களைப் போலவே ராணுவத்தில் சப்ளை வேலைக்குப் போகிறேன் என்று உங்கள் பேத்தி வடக்கே பயிற்சிக்குப் போயிருக்கிறாள். நீங்கள் போன பிறகு நடந்தது, உங்களுக்குத் தெரியாது.

"முடியலம்மா. தூக்கமே வர்றதில்ல. வந்துடட்டுமா? எல்லாரும் சிரிப்பாங்கல்ல?"

தாம்பரம் ஸ்டேஷனில் தெருவே கூடி மாலை போட்டு அனுப்பிய பெண். "பாதியில வந்தா உங்கப்பா பேரு என்னாகும்? கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கட்டும்" என்கிறார் உங்கள் மருமகன். நல்ல மனிதர்தான். அவருக்குத் தெரிந்த நீங்கள், மெடல் குத்திய போட்டோவில் இருப்பவர்.

எனக்குத் தெரிந்த நீங்கள், நான் பல்லாவரம் சந்தைக்குக் கிளம்பினாலும் "திரும்பி எப்படி வருவ?" என்று கேட்பவர். "பல்லாவரத்துக்கே இவ்ளோ பிளானா, மேஜர் சார்?" என்பேன். ஹவில்தாராகவே ஓய்வு பெற்ற நீங்கள் அந்தப் பதவி உயர்வுக்குச் சிரிப்பீர்கள். ஒரு தடவை மட்டும் சிரிக்கவில்லை. "சண்டைக்குப் போற வழிய எல்லாரும் பாப்பாங்கம்மா. திரும்புற வழிய யாராவது பாத்து வைக்கணும். இல்லேன்னா போனவன் அங்கயே நின்னுடுவான்."

அதன் பொருள் உங்கள் அடக்கத்தன்றுதான் எனக்குப் புரிந்தது. பனிமலை எல்லையில் சண்டை நடந்தபோது உங்களோடு லாரி ஓட்டிய தாமஸ் அங்கிள், கல்லறைத் தோட்ட வாசலில் சொன்னார்: "மேல போறப்ப அரிசி, மண்ணெண்ணெய், கம்பளி. கீழ வர்றப்ப வண்டி காலியா இருந்தா உங்கப்பா பாடிக்கினே வருவாரும்மா. மத்த நாள்ல வாயே தொறக்க மாட்டாரு."

மற்ற நாட்களில் அந்த வண்டியில் படுத்து வந்தவர்களைப் பற்றி அவரும் பேசவில்லை. வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில், அந்தப் பிள்ளைகளின் முகத்தை மூடியது நீங்கள்தானா அப்பா? எங்களிடம் ஏன் சொல்லவில்லை? நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டுமோ?

ஜெனி இன்னும் எந்தச் சண்டையையும் பார்க்கவில்லை. ஆனாலும் வழி அடைபட்டவளின் குரல்தான் அது. அடைத்தது நாங்கள், மாலை போட்டு.

வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்: நாளை ரயிலேறுகிறேன், அவளை அழைத்து வர. பட்டப்பகலில், தெரு பார்க்க, கைபிடித்து வீட்டுக்குள் கூட்டி வருவேன். ஏன் வந்தாய் என்று ஒருநாளும் கேட்க மாட்டேன். கேட்பவர்கள் என்னிடம் கேட்கட்டும்.

உங்கள் ஒரே மகள்,
கிரேஸ்