நாலு ஓம் ஸ்பீக்கர்

மகள் செரின் இறந்த பிறகு, அவள் சர்ச்சில் பாடிய பாட்டை ஜெபராஜ் தினமும் சத்தமாகப் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் அவள் குரல் கரகரத்தது. "பென் டிரைவ்ல ஏத்துறப்ப நீதான் கெடுத்துட்ட" என்று நேற்று மனைவி லின்சியிடம் கத்திவிட்டார். இன்று ஸ்ரீரங்கத்துக்கு வேலைக்குக் கிளம்பும்முன் அவள் எழுதிவைத்தாள்:

"சாம்பார் அடுப்பு மேல இருக்கு. பாட்டு கெடலைங்க, மெக்கானிக் பாசில் கேட்டுப் பாத்துட்டாரு. நம்ம ஸ்பீக்கர் நாலு ஓம், மின்தடை கம்மி, கரண்டு நிறைய இழுக்கும். சத்தம் கூட்டினா அது இழுக்குற கரண்டை அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரால தர முடியல, அதான் குரல் உடையுது. மத்தியானம் பாசில் அதைத் தாங்குற ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு கொண்டுவருவாரு."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"நான் வர்ற வரைக்கும் போடாதீங்க. நீங்க போடுறப்பல்லாம் தாங்க முடியாம மாடிக்கு ஓடிடுவேன். இன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்து கேக்குறேன்."