நாரைப் படத்தைச் சுமந்த இருபத்தேழு பேர்

அன்புள்ள நெவெனா,

இங்கே நானும் உன் பென்கா சித்தியும் எட்டுக் கோழிகளும் சுகம். நீ அந்த டப்ளின் மழையில் காளான் பூக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இன்று உனக்கு எழுதப் போகும் கதையைப் பல்கேரியாவில் ஒரு ஜீவனும் நம்பாது, இதை வலது கையை உயர்த்திச் சத்தியமாகச் சொல்கிறேன். நம்பாமல் இருக்க உனக்கு முழு உரிமை உண்டு, பத்து வயதிலிருந்து உன்னை வளர்த்தவன் என்ற முறையில் அந்த உரிமையை நானே வழங்குகிறேன்.

நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் மாவு மில் நிறுத்தத்தில் ஏறும் இவெலினா ஏழாம் வகுப்பு, போன வருஷம் என் தோள் உயரம், இந்த வருஷம் அவளுக்காகக் கூரையில் ஓட்டை போட வேண்டிய நிலைமை. மார்ச் ஒன்றாம் தேதி வழக்கம்போல எல்லாப் பிள்ளைகளும் கையில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொண்டு வந்தார்கள், நாரையைக் கண்ணால் பார்க்கிற அன்றுதானே அதைக் கழற்றுவோம்? எவனோ ஒரு மகாபுத்திசாலி நாரை உடம்பில் இவெலினாவின் முகத்தை ஒட்டி, "நாரை வந்தாச்சு, நூலைக் கழட்டுங்க" என்று இணையத்தில் பெயர் போடாத பக்கம் ஒன்றில் போட்டுவிட்டான். மறுநாள் அவள் வகுப்புக்குள் கால் வைத்ததும் பாதிப் பேர் நூலைக் கழற்றி அவள் மேசையில் குவித்தார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள், அதையும் ஒருத்தி படம் பிடித்து ஏற்றினாள். அன்று சாயங்காலம் இவெலினா பேருந்தில் ஏறவில்லை, ஏழு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனாள், அதன் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. அவளை ப்ளோவ்திவ் நகரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் வெள்ளிக்கிழமை மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போவதாகவும் அவள் அம்மா ரொசித்ஸா சொல்லிவிட்டாள்.

நம் தலைமையாசிரியர் பொரிமெச்கோவ் சும்மா இருப்பாரா? பள்ளியின் முந்நூறு போன்களையும் இரும்பு பீரோவில் போட்டுப் பூட்டினார். முந்நூறும் ஒரே சமயத்தில் அதிர்ந்ததில் பீரோ தானாகப் படியிறங்கி நகராட்சி வாசல் வரை போய்விட்டது, இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து திருப்பி அழைத்து வந்தார்கள். அடுத்து முற்றத்தில் எல்லாரையும் நிற்க வைத்து இணைய ஒழுக்கம் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார், கொடிக்கம்பமே கொட்டாவி விட்டது. நாலு மணிக்குப் போன்களைத் திருப்பிக் கொடுத்தார், நாலு மணி ஒரு நிமிஷத்துக்கு நாரைக்குப் பக்கத்தில் பீரோவும் போனில் வந்துவிட்டது.

கடைசியில் கணக்கு டீச்சர் தெமெனுகா கிளம்பினாள். ஆள் அரைச் சாக்பீஸ் உயரம், குரல் வந்தால் ஜன்னல் கண்ணாடி விரிசல் விடும். அவள் முதலில் போனது இவெலினாவின் வீட்டுக்கு. என்ன செய்தால் உனக்குச் சரியாகும் என்று கேட்டிருக்கிறாள். "யாரையும் என் முன்னால நிறுத்தி மன்னிப்புக் கேக்க வைக்காதீங்க டீச்சர், எல்லாரும் என்னையே பாப்பாங்க. அந்தப் படம் போகணும், அவ்வளவுதான்" என்றாளாம். புதன்கிழமை வகுப்பு நேரத்தில் டீச்சர், "யார் செஞ்சதுன்னு நான் இப்பக் கேக்கல. யார் யார் தூக்கிட்டு ஓடினீங்க, அதச் சொல்லுங்க" என்று கேட்டு, யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று கரும்பலகையில் அம்புக்குறி போடத் தொடங்கினாள். இருபத்தாறு பேர், நெவெனா. பலகை போதாமல் அம்புகள் சுவரில் ஏறிக் கூரையில் தொங்கின. அவற்றில் ஒன்று ஜன்னல் வழியாக வெளியே போய்ப் பேருந்து ஓட்டுநர் ஜெல்யாஸ்கோவிடம் நின்றது.

சிரிக்காதே. ஒரு பையன் எனக்கு அனுப்பினான், நானும் ஏதோ வேடிக்கை என்று நினைத்துப் பேருந்து நேரம் சொல்ல வைத்திருக்கும் பெற்றோர் குழுவில் மூன்று சிரிப்பு முகங்களோடு தட்டிவிட்டேன். அந்தக் குழுவில் ரொசித்ஸாவும் இருக்கிறாள். தன் மகள் படத்தை அவள் முதலில் பார்த்தது என் கையிலிருந்துதான்.

"ஜெல்யாஸ்கோ அண்ணே, நீங்களும் உக்காருங்க" என்று டீச்சர் என்னையும் வகுப்புக்குள் அழைத்தாள், ஏழாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தேன். ஒவ்வொருவரும் தன் அம்பின் வழியே திரும்பிப் போக வேண்டும், தான் யாருக்கு அனுப்பினாரோ அவரிடம் தப்பைச் சொல்லி அழிக்கச் சொல்ல வேண்டும், இதுதான் வீட்டுப்பாடம். பெற்றோர் குழுவில் இருந்த நாற்பது பேருக்கு எழுதினேன். ரொசித்ஸாவிடம் நேரில் போனேன். "உங்க பஸ்ஸ நம்பித்தானே அண்ணே புள்ளைய ஏத்தி விட்டேன்" என்றாள். படத்தைச் செய்தவன் மறுநாள் தானாகவே டீச்சரிடம் போனான், பெயரை அவள் எனக்குக் கூடச் சொல்லவில்லை, அவன் பெற்றோரை மட்டும் அழைத்துப் பேசியிருக்கிறாள், பக்கமும் போய்விட்டது. இனி இப்படி எதைப் பார்த்தாலும் யாருக்கும் அனுப்பக் கூடாது, பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த இரண்டு பெரியவர்களில் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. டீச்சரும் நூலகத்து அம்மாவும் ஜெயித்தார்கள். நானும் நின்றேன், எனக்கு ஒரே ஓட்டு, அதைப் போட்டது நான்.

நீ நன்றாயிருக்க வேண்டும், மகளே, ஆரோக்கியமும் வெயிலும் உனக்கு நிறையக் கிடைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சித்திக்குப் போன் செய், இல்லையென்றால் அவள் விமானம் ஏறி வந்து உன்னைத் திட்டுவாள். நான் வேடிக்கை என்று எதையாவது அனுப்பினால் இனி நீ சிரிப்பதற்கு முன் என்னைத் திட்டு.

பீரோ நடந்ததையும் அம்புகள் கூரையில் தொங்கியதையும் இஷ்டம்போலக் கழித்துக்கொள். ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை, அதைக் கழிக்காதே. சான்றிதழ் வாங்குவதாக இருந்த வெள்ளிக்கிழமை காலை மில் நிறுத்தத்தில் யாரும் இல்லை. ஆறு நிமிஷம் நிறுத்தி வைத்தேன், பின்னால் ஒரு பிள்ளைகூட முணுமுணுக்கவில்லை. ஏழாவது நிமிஷம் இவெலினா வந்தாள், ஏறினாள், என்னைப் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பள்ளி வாசலில் இறங்கும்போதுதான் திரும்பி, "திங்கக்கிழமையும் ஏழு பத்துக்குத்தானே வருவீங்க மாமா?" என்று கேட்டாள்.

உன் சித்தப்பா,
ஜெல்யாஸ்கோ