அட்டையில் ஏறிய நாலு சென்டிமீட்டர்

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உன் மகள் வாலுவும் நலம். எங்கள் பள்ளி விடுதியில் இருந்தாலும் அவள் என் கண்பார்வையில்தான் இருக்கிறாள். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு கவலைப்படாதே. அவளுடைய உடல்நல அட்டையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உயரம் 152, எடை 43. அடியில் இருப்பது என் கையெழுத்துதான், சிரிக்காதே.

பெயருக்குத்தான் நான் உடற்கல்வி ஆசிரியை. என் பீரியடையெல்லாம் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார். மைதானத்துக்குப் பூட்டு. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து பதிவேடு எழுதுகிறேன். விட்டுவிட்டுப் போகலாமென்றால் இந்த வயதில் யார் வேலை தருவார்கள்? மூச்சு முட்டுகிறது அக்கா.

உன் தங்கை

ஜூலை 9

என் செல்லத் தங்கைக்கு,

அட்டையைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். ஒரே வருஷத்தில் நாலு சென்டிமீட்டர்! அறையில் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவள் போனில் "நல்லா இருக்கேம்மா" என்பதோடு சரி. நீ எழுதினால்தான் எனக்கு நிம்மதி.

தையல் ஆலையில் மிஷின் ஓய்ந்த நேரத்தில், அட்டை அளவுக்கே ஒரு கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்து எழுது.

உன் அக்கா

ஆகஸ்ட் 2

அக்கா,

கவுன் வந்தது. வாலு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோள் நழுவுகிறது, இடுப்பில் இன்னொருத்தி நுழையலாம். "யாரோட டிரெஸ் சித்தி இது?" என்றாள். அங்கேயே சுவரில் நிறுத்தி அளந்தேன், எடையும் பார்த்தேன். உயரம் போன வருஷத்து அதே 148. எடை 34.

உன்னிடம் மறைக்க மாட்டேன். ஜூனில் நான் யாரையுமே அளக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு அட்டை, இரண்டே நாள் கெடு. "போன வருஷத்தைப் பாத்து நாலு நாலு கூட்டிப் போடுங்க டீச்சர், யாரு பாக்கப்போறா?" என்றார் தலைமையாசிரியை. எல்லோருக்கும் கூட்டினேன், அவளுக்கும். இளைத்த மாதிரி தெரிந்தபோதெல்லாம், அட்டையில் ஏறித்தானே இருக்கிறது என்று நானே எழுதிய எண்ணை நானே நம்பினேன்.

உடம்பில் ரத்தமே இல்லை என்கிறார் டாக்டர். "இவ்வளவு நாளா வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். மருந்து தொடங்கியாயிற்று, தேறிவிடுவாள்.

மற்ற பிள்ளைகளையும் அளக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "அப்போ பழைய அட்டையெல்லாம் பொய்னு எழுதிக் குடுப்பீங்களா? கையெழுத்து உங்களோடது" என்றார் தலைமையாசிரியை. மறுபடி பீரோ மூலைக்கே வந்துவிட்டேன். திட்டியாவது ஒரு வரி எழுது அக்கா.

உன் தங்கை

ஆகஸ்ட் 25

உடற்கல்வி ஆசிரியை அவர்களுக்கு,

ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். ஓடி வர எனக்கு வழியில்லை, அங்கே அவளுக்கு உங்களை விட்டால் ஆளுமில்லை.

இதோடு ஒரு வெள்ளை நூல்கண்டு வைத்திருக்கிறேன். மாதம் முதல் தேதி அவளைச் சுவரோரம் நிறுத்தி, உச்சியிலிருந்து குதிகால் வரை ஒரு நூலும், இடுப்பைச் சுற்றி ஒரு நூலும் வெட்டி உறையில் போட்டு அனுப்புங்கள்.

எண் எதுவும் எழுத வேண்டாம்.

மாணவியின் தாய்