சாமியும் சீனி மாத்திரையும்

1996 பெப்ரவரி 6, செவ்வாய்
மாத்திரையை நிறுத்தி இன்றோடு பதினொரு நாள். பிலிமத்தலாவைச் சாமி தரும் துளசித் தீர்த்தம் மட்டும்தான். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு பயத்தால் வருவதாம். பயம் போனால் அதுவும் போய்விடுமாம். "அப்போ லட்டையும் பயத்துலதான் திங்கிறீங்களாக்கும்?" என்றாள் என் மனைவி வடிவம்மா. அப்போதும் என் வாயில் லட்டு.

பெப்ரவரி 9
பக்கத்து வீட்டுப் பெரியதம்பிக்கும் சீனிதான். சாமியிடம் கூட்டிப்போனேன். மாத்திரையை நிறுத்தத் தயங்கினார். "என்னையப் பாருங்க!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். தட்டியதில் தலை சுற்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 14
தாகம். தாகம். நோய் கரைந்து வெளியேறுகிறது என்கிறார் சாமி. வடிவம்மா சொல்வது வேறு. எழுதக்கூடியதல்ல.

பெப்ரவரி 19
ஆஸ்பத்திரி. சந்தைக்குப் போகிற வழியில் விழுந்துவிட்டேனாம். எழுத்து கோணுகிறது.

பெப்ரவரி 20
காலையில் தாதி "அழகமுத்து! அழகமுத்து!" என்று கூப்பிட்டாள். "இருக்கேன் மிஸ்" என்றார் அடுத்த கட்டில்காரர். காலில் கட்டு. தெரிந்த குரல். தாடியைப் பார்த்தேன் — சாமி!

எனக்கு ஆத்திரம். "எங்கள நிறுத்தச் சொல்லிட்டு நீங்க மட்டும் மாத்திர போட்டீங்களாக்கும்?"

"போட்டிருந்தா ரெண்டு வெரலு போயிருக்குமாய்யா?"

அவரும் மூன்று வருஷமாக மாத்திரையைத் தொடவில்லையாம். மாத்தளையில் இருந்த அவருடைய குரு சொன்னதாம்.

"அந்தக் குரு இப்ப எங்க?"

"போன வருஷம் சமாதியாயிட்டாரு."

"எதனால?"

சாமி சுவரைப் பார்த்தார். "சீனிதான். நாங்க சமாதின்னு நெனச்சோம்."

போர்வையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தேன். ஏறியிருந்த ஊசி கழன்றுவிட்டது. தாதி ஏசினாள்.

பெப்ரவரி 21
இவரைத் திட்டுவதா, பாவம் பார்ப்பதா? ஏமாந்தவர்தான். ஆனால் குரு செத்தபோதாவது யோசித்திருக்க வேண்டாமா? கேட்டேவிட்டேன்.

"யோசிச்சேன்யா. குரு சொன்னது பொய்னா அப்புறம் நான் யாரு? திரும்பப் பழைய அழகமுத்துதானே. அதுக்குப் பயந்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "எத்தன பேரு என் பேச்சக் கேட்டு நிறுத்தினாங்களோ" என்று அழுதார். எனக்குத் தெரிந்த ஒருவர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். பெரியதம்பி.

ஐயோ. அவரை நிறுத்த வைத்தது சாமியா, நானா?

பெப்ரவரி 24
வீட்டுக்கு விட்டார்கள். நேரே பெரியதம்பியிடம் போனேன். கால் வீங்கிக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் சாமிய நம்பலங்க. ஒங்களத்தான் நம்பினேன்."

எழும்பி உள்ளே போய்விட்டார். பிறகு வடிவம்மா போய் மாத்திரை எடுக்கச் சொன்னாளாம். அவள் சொன்னால் யார்தான் கேட்கமாட்டார்கள், என்னைத் தவிர.

மார்ச் 6, புதன்
கிளினிக். அழகமுத்து தாடியை எடுத்துவிட்டு, சட்டை போட்டு, கோலூன்றி வந்திருந்தார். அவரிடம் தீர்த்தம் வாங்குகிற பரிமளம் அம்மாள் வரிசையில் இருந்து எழும்பி அவர் காலைத் தொடக் குனிந்தார்.

"பாத்துத் தொடுங்கம்மா, அதுல ரெண்டு வெரலு இல்ல. நான் சொன்னது தப்பு. மாத்திர போடுங்க."

"சாமி என்னையச் சோதிக்கிறீங்க" என்றார் அம்மாள், கண்கலங்கி. அழகமுத்து செருப்பைக் கழற்றிக் காலையே காட்டிவிட்டார்.

பெரியதம்பியும் வந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போய் உட்கார்ந்தேன்.