தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

ஜூன் 9, திங்கள்

ஜலகண்டாபுரத்தில் கூட்டம். குழந்தை உதவித்தொகைக்குப் புது முறையாம். தகப்பன் இல்லாத வீடுகளுக்கு மாதாமாதம் வரும் பணம், இனி அங்கன்வாடி டீச்சர் நேரில் பார்த்துச் சரி சொன்னால்தான் வரும். தாய் பிள்ளையோடு நின்று, "இது நான் பெற்ற பிள்ளை" என்று சொல்வதைக் கைபேசியில் வீடியோ எடுக்க வேண்டும். நல்லதுதான். இல்லாத பிள்ளைக்கு இரண்டு வருஷம் பணம் வாங்கின மகராசிகளை எனக்கே தெரியும்.

ஜூன் 12

பதினொரு வீடு முடிந்தது. உஷாராணி மட்டும் முடியாது என்கிறாள்.

தறி ஓட்டுகிறவள். போர் போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா போன புருஷன் உயிரோடு திரும்பவில்லை. அதற்கு முன்பே இரண்டு பிள்ளைகள், இரண்டும் தொட்டிலோடு போயின. மூன்றாவது நித்யஸ்ரீ. பிறந்த மூன்றாம் நாளே முறத்தில் போட்டுப் பக்கத்து வீட்டு மாரக்காளிடம் கொடுத்து, பதிலுக்கு ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டாள். எமன் வந்தால் இது என்னுடையதில்லை என்று சொல்வதற்கு. பிள்ளை வளர்வதென்னவோ இவள் வீட்டில்தான். ஆனால் மாரக்காளை அம்மா என்கிறது, பெற்றவளை அக்கா என்கிறது. நாலு வருஷமாக இப்படித்தான்.

"வாயால மட்டும் சொல்லமாட்டனுங்க டீச்சர். வேற என்ன வேணாலும் கேளுங்க."

ஜூன் 13

சூப்பர்வைசர் ஃபோன். "சொல்லலைன்னா பேரை எடுத்துடுங்க." அந்தப் பணத்தில்தான் பிள்ளைக்குப் பாலும் வீட்டு வாடகையும்.

ஜூன் 24

கடைசி நாள். போனேன். "ஒரு வார்த்தைதானே? எமன் என்ன செல்ஃபோனா பார்த்துட்டு உக்காந்திருக்கான்?" என்று சிரித்தேன். நான்தான் சொன்னேன், இந்த வாயால். மாரக்காள் சிரிக்கவில்லை.

உஷாராணி பிள்ளையை இடுப்பில் வைத்து, சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். தறிச் சத்தத்தில் ஒன்றும் பதிவாகவில்லை. பக்கத்துத் தறிகளை நிறுத்தச் சொல்லி, இன்னொரு தரம் சொல்ல வைத்தேன். தெருவே அமைதியாக இருந்தது.

"இது நான் பெத்த புள்ளைங்க."

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது.

ஜூலை 3

உஷாராணிக்குப் பணம் ஏறிவிட்டது.

ஜூலை 10

நித்யஸ்ரீக்கு நாலு நாளாகக் காய்ச்சலாம். டெங்கு. இன்று சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். கொசு கடித்தால் வருவது. எனக்குத் தெரியாதா? தெருத் தெருவாகப் போய்ச் சொல்கிறவளே நான்தானே. அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை? வீடியோவை என் கைபேசியிலிருந்து அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம், அது என்றைக்கோ மேலே போய்விட்டது. அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது. பால் குக்கர் விசிலடித்து நின்றால்கூட, அடுத்து அவள் பேசப் போகிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 14

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உஷாராணி வார்டுக்குள் போகவில்லை, மாரக்காளை மட்டும் அனுப்புகிறாள். "நான் பாத்தா ஆகாதுங்க." என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். கடவுளே, அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஆனால் நான் எந்த முகத்தோடு வேண்டிக்கொள்வது—

ஜூலை 19

பிழைத்துவிட்டது! இட்லி கேட்டதாம். மையத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆகஸ்ட் 6

உஷாராணி பையோடு மையத்துக்கு வந்தாள். குமாரபாளையத்தில் மில் வேலை, அங்கேயே தங்கலாம். பிள்ளை மாரக்காளிடம்.

"பணம் வேண்டாம்னு எழுதிக்குங்க டீச்சர். இனி அதுக்கு நான் யாருமில்லீங்க."

டெங்கு, கொசு என்று என்னென்னவோ சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். முன்வாசலில் நித்யஸ்ரீ விளையாடிக்கொண்டிருந்ததால் சமையலறை வழியாகப் போய்விட்டாள்.

செப்டம்பர் 1

எடை பார்க்கும் நாள். நித்யஸ்ரீ ஒரு கிலோ ஏறியிருக்கிறது. சந்தோஷம் தாங்காமல் உஷாராணிக்கு ஃபோன் போட்டேன்.

"உஷா, புள்ள நல்லா தேறிடுச்சு. ஒரு கிலோ ஏறியிருக்கு."



"எந்தப் புள்ளைங்க டீச்சர்?" என்றாள்.

குரல் உடைந்திருந்தது. தப்பான நம்பருக்குப் போட்டுவிட்டேன் என்று, எமனுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லி வைத்துவிட்டேன்.